கப்பல் டூருக்கு ஆதார் போதுமா, பாஸ்போர்ட் எடுக்கணுமா?

"அக்கா, கப்பல் டூருக்கு ஆதார் போதுமுங்களா, பாஸ்போர்ட் எடுக்கோணுமா?"

குமாரபாளையத்தில் இப்போது இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. சைசிங் மில் வைத்திருப்பவர் வீட்டிலும் கேட்கிறார்கள், காலேஜில் வேலை பார்க்கிறவர்களும் கேட்கிறார்கள், பையன் பெங்களூரில் ஐ.டி. வேலைக்குப் போன தறிக்காரர் வீட்டிலும் கேட்கிறார்கள். ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் நாம். பாலம் தாண்டினால் பவானி, கூடுதுறை, சங்கமேஸ்வரர் கோயில். கடல் பார்க்க வேண்டுமென்றால் ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய், மெரினாவில் கால் நனைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இப்போது அதே ரயிலில் போய் இறங்கி, நேராகத் துறைமுகத்துக்கு ஆட்டோ பிடித்து, மாடி மாடியாக நிற்கும் கப்பலில் ஏறலாம் என்று ஆகிவிட்டது. ஆசை வரத்தானே செய்யும்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பல் இந்தியத் துறைமுகங்களை மட்டும் தொட்டுத் திரும்புகிறது என்றால் இந்தியக் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட் கட்டாயம் இல்லை. ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், இதில் ஒன்றின் அசல் போதும். பான் கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கப்பல் ஒரே ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாலும் பாஸ்போர்ட் இல்லாமல் ஏற விட மாட்டார்கள். அவ்வளவுதான் விதி.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கு மேல் ஒன்று. எந்தக் கப்பல் என்று முடிவு செய்துவிட்டு அதற்குப் பாஸ்போர்ட் தேவையா என்று பார்ப்பதுதான் நம் வழக்கம். அதை மாற்றிப் போடுங்கள். முதலில் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் பாஸ்போர்ட் எடுங்கள். குறிப்பாக அம்மாவுக்கு, அத்தைக்கு, சித்திக்கு. கப்பலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விவரமாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

உள்நாட்டுக் கப்பலில் இருந்தே தொடங்கலாம். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தில் கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலை முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். சென்னையில் கிளம்பிக் கடலுக்குள் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்புவது ஒரு பயணம். விசாகப்பட்டினம், புதுச்சேரி போய் வருவது இன்னொன்று. அந்த முதல் தடவையே புதுச்சேரியில் சிக்கல் ஆனது. கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அரசு அனுமதி கொடுக்கவில்லை. கப்பல் கரைப்பக்கம் வந்தும் ஆட்கள் இறங்க முடியவில்லை. 2025 ஜூலையில்தான் அந்தக் கப்பலில் இருந்து சுற்றுலாப் பயணிகள் புதுச்சேரியில் இறங்கினார்கள். டிக்கெட்டில் அச்சடித்த ஊரில் எல்லாம் கப்பல் நின்றே தீரும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் உருவானாலும் கேப்டன் வழியை மாற்றுவார். அதைக் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது, கேட்கவும் கூடாது.

"12 கடல் மைல் தாண்டினா நம்ம எல்லை முடிஞ்சு போச்சு. அப்ப அது வெளிநாடுதானே? பாஸ்போர்ட் இல்லாம எப்படி விடறாங்க?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. 12 கடல் மைல் என்றால் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். கப்பல் அதையும் தாண்டித்தான் போகிறது. ஆனால் குடியேற்றச் சோதனை தண்ணீரில் நடப்பதில்லை, துறைமுகத்தில் நடக்கிறது. எந்த நாட்டு மண்ணில் கால் வைக்கப் போகிறோம் என்பதுதான் கணக்கு. சென்னையில் ஏறி, நடுக்கடலில் இரண்டு நாள் சுற்றி, சென்னையிலேயே இறங்கினால் நாம் நாட்டை விட்டுப் போகவே இல்லை. சென்னையில் இருந்து அந்தமானுக்கு அரசுக் கப்பலில் மூன்று நாள் போல கடலிலேயே கிடந்து போகிறார்களே, அதற்கும் பாஸ்போர்ட் கிடையாது. லட்சத்தீவு மட்டும் வேறு மாதிரி. நம் நாட்டுத் தீவுதான், பாஸ்போர்ட் வேண்டாம்தான், ஆனால் அந்த ஊர்க்காரர் அல்லாத சுற்றுலாப் பயணிகளுக்கு நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். பாஸ்போர்ட் கையில் இருந்தாலும் அது இல்லாமல் இறங்க முடியாது.

நாங்கள் விசாகப்பட்டினம் கப்பலில் போனபோது பெரியம்மாவுக்கு இரண்டாம் நாள் காலையில் தலைசுற்றல். சாப்பிட்டது நிற்கவில்லை. கப்பல் டாக்டர் பார்த்து ஊசி போட்டு, ரத்த அழுத்தம் இறங்காவிட்டால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார். மதியத்துக்குள் தெளிந்துவிட்டார், ரசம் சாதம் கேட்டார். எனக்கு மட்டும் அன்று முழுக்க ஒரே யோசனை. அடுத்த துறைமுகம் விசாகப்பட்டினம். தெலுங்கு தெரியாது என்பதைத் தவிர வேறு கவலை இல்லை. மகன் இரவு ரயில் ஏறினால் வந்துவிடுவான். அதுவே அடுத்த துறைமுகம் திருகோணமலையாக இருந்திருந்தால்? கூடத் துணைக்கு இறங்குகிறவருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். ஊரிலிருந்து பறந்து வரும் மகனுக்கும் வேண்டும். படுத்திருப்பவருக்கு மட்டும் இருந்தால் போதாது. வீட்டில் எல்லோருக்கும் இருக்கட்டும் என்று எனக்கு உறைத்தது அந்தக் கப்பலில்தான்.

திருகோணமலை என்று சும்மா சொல்லவில்லை. 2023 ஜூன் 5 அன்று, 17.21 கோடி ரூபாயில் கட்டிய சுற்றுலாக் கப்பல் முனையத்தைச் சென்னைத் துறைமுகத்தில் திறந்து, அங்கிருந்து இலங்கைக்கு முதல் சுற்றுலாக் கப்பலை அனுப்பினார்கள். அதே எம்பிரஸ்தான். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள். நம் பக்கத்துப் பெண்கள் இந்த மூன்று பெயரையும் கேட்டால் கப்பலை நினைக்க மாட்டார்கள், கோயிலை நினைப்பார்கள். அம்பாந்தோட்டைப் பக்கம் கதிர்காமம். திருகோணமலையில் குன்றின் மேல் கோணேஸ்வரம். காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் கீரிமலை நகுலேஸ்வரம், மாவிட்டபுரம், கொஞ்சம் உள்ளே போனால் நல்லூர். வருஷா வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போகிற குடும்பத்துக்குக் கதிர்காமம் என்றால் சும்மாவா? எங்கள் தெருவில் ஒரு அம்மாயி அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, "என்னையும் கூட்டிட்டுப் போங்க சாமி" என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லி வைத்தார். அவருக்குப் பாஸ்போர்ட் இல்லை. இரண்டு மகன்களுக்கும் இருக்கிறது.

இந்த ஊரில் இதுதான் நடக்கிறது. துண்டு, லுங்கி ஏற்றுமதி பேசத் துபாய் போகிறவர், புதுத் தறி மெஷின் பார்க்கச் சீனா போகிறவர், சிங்கப்பூரில் வேலைக்குப் போன தம்பி, இவர்கள் கையில் எல்லாம் பாஸ்போர்ட் இருக்கும். காலாவதி ஆனால் உடனே புதுப்பிப்பார்கள். தார் சுற்றி, பாவு ஓட்டி, கணக்கு எழுதி, அதே தொழிலில் பாதியைத் தூக்கிச் சுமந்த பெண்கள் பெயரில் ஒன்றும் இருக்காது. ஒரு பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயதில் முதல் பாஸ்போர்ட் வருகிறது என்றால், பெரும்பாலும் மகளுக்கு அமெரிக்காவில் பிரசவம் என்று அர்த்தம். பத்தியச் சாப்பாடு சமைக்கவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் எடுத்த பாஸ்போர்ட். அதுவும் நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் கதிர்காமம் போக வேண்டும் என்று ஆசைப்பட்டாலே அது போதுமான காரணம் இல்லையா?

பாஸ்போர்ட் என்பது யாரோ மனசு வைத்துக் கொடுக்கும் சலுகை என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் சட்டமே அப்படித்தான் இருந்தது. அரசு நினைத்தால் தரும், இல்லையென்றால் இல்லை. 1967-ல் சத்வந்த் சிங் சாவ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம்தான் வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு அதே வருஷம் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. பத்து வருஷம் கழித்து மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு முடக்கியபோது, காரணம் கேட்டு நீதிமன்றம் போனார். 1978-ல் வந்த அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடமாக வைக்கிறார்கள். இத்தனை போராடி உரிமையாக ஆக்கி வைத்த ஒன்றை, "உனக்கெதுக்கு இப்ப?" என்ற ஒரு வார்த்தையில் வீட்டுக்குள்ளேயே நிறுத்திவிடுகிறோம்.

இலங்கைக் கடலைக் கடக்க ஒரு காலத்தில் இந்தப் புத்தகம் ஏதும் இல்லாமலே போய் வந்தார்கள். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டபோது பாஸ்போர்ட் என்ற பேச்சே கிடையாது. இந்திய பாஸ்போர்ட் சட்டம் வந்ததே 1920-ல்தான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட் மெயில் ஓடியது. சென்னையில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போய்ச் சேரலாம், எல்லாம் ஒரே டிக்கெட்டில். 1948-ல் இலங்கை தன் குடிவரவுச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனது. அதே 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்பதாக முடிவானது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கையில் இந்திய பாஸ்போர்ட்டைக் கொடுத்து ராமானுஜம் கப்பலில் ஏற்றி ராமேஸ்வரத்தில் இறக்கினார்கள். அவர்கள் வாழ்நாளில் கண்ட முதல் பாஸ்போர்ட் திரும்பி வர முடியாத பயணத்துக்கானது. இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து, உல்லாசப் பயணத்துக்காக ஒரு பாஸ்போர்ட் எடுக்க முடிகிற நிலையில் நாம் இருப்பதைச் சின்ன விஷயமாக என்னால் எண்ண முடியவில்லை.

இப்போது அதே கடலில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் ஓடுகிறது. 2023 அக்டோபர் 14 அன்று செரியாபாணி என்ற கப்பலோடு தொடங்கிச் சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட்டில் சிவகங்கை என்ற கப்பல் வந்தது. நாலு மணி நேரம் போல ஆகும். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி எல்லாம் எதிர்பார்க்காதீர்கள், அது பஸ் மாதிரி ஒரு போக்குவரத்து. ஆனால் பாஸ்போர்ட் கண்டிப்பாக வேண்டும், இலங்கைக்கு இ.டி.ஏ. என்ற முன் அனுமதியும் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட் முடியும் தேதிக்கு ஆறு மாதமாவது இருக்கட்டும். ஆறு மாதக் கணக்கைப் பெரும்பாலான நாடுகள் பார்க்கின்றன.

எடுப்பது அவ்வளவு கஷ்டமா என்றால், இல்லை. எங்கள் அம்மா, பெரியம்மா காலத்து ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. வீட்டில் பிறந்தவர்கள், பஞ்சாயத்தில் பதிந்திருக்க மாட்டார்கள். அதைக் கேட்டுத்தான் முன்பெல்லாம் திருப்பி அனுப்பினார்கள். 2016 டிசம்பரில் விதியை மாற்றிவிட்டார்கள். பிறந்த தேதிக்கு ஆதார், பான் கார்டு, வாக்காளர் அட்டை, பள்ளி டி.சி., எல்.ஐ.சி. பாலிசிப் பத்திரம் என்று எதுவாவது ஒன்று போதும். திருமணச் சான்றிதழ் வேண்டாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குத்தான் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். 2017-ல் இருந்து தபால் நிலையங்களிலும் பாஸ்போர்ட் சேவை மையங்கள் வந்துவிட்டன, நமக்குச் சேலம் தலைமைத் தபால் நிலையத்தில் இருக்கிறது. எந்த மையத்தில் சீக்கிரம் தேதி கிடைக்கிறதோ அங்கே போகலாம், ஊர் எல்லைக் கட்டுப்பாடு 2018-லேயே போய்விட்டது. சாதாரணப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், பத்து வருஷம் செல்லும். புதிதாக எடுக்கும் அறுபது வயது தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. தட்கல் என்றால் கூடுதலாக 2,000. சின்னப் பிள்ளைகளுடையது ஐந்து வருஷத்தில் முடிந்துவிடும். கப்பல் டிக்கெட் போடும்போது பெரியவர்கள் தேதியை எல்லோரும் பார்க்கிறார்கள், பிள்ளைகள் தேதியைப் பார்க்க மறக்கிறார்கள்.

படிக்காதவர்களுக்கு ஒரு பயம் உண்டு. "எனக்கு ஈ.சி.ஆர்.னு அடிச்சுப் போடுவாங்க, அப்புறம் எங்கயும் விட மாட்டாங்களாமே?" பத்தாவது முடிக்காதவர்கள் பட்டியலில் உள்ள 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் அது. வேலைக்குப் போய் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. சுற்றுலாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஐம்பது வயது தாண்டினால் அந்த முத்திரையே வராது.

உண்மையான தொல்லை பெயரில் இருக்கிறது. இதில் கொஞ்சம் நிதானமாக நின்று பார்க்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் ஒரு எழுத்து இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரோ கணவர் பெயரோ முழுதாக எழுத வேண்டும். சர்நேம் கட்டத்தில் அதைப் போடுகிறோமா, அல்லது அதை வெறுமையாக விட்டுவிட்டுக் கிவன் நேம் கட்டத்தில் மட்டும் எழுதுகிறோமா என்பதில் பிற்பாடு வரும் எல்லாப் பிரச்சினையும் இருக்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தபோது, அதிகம் கலங்கியது தமிழ்நாட்டுக்காரர்கள்தான். இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று பிறகு தளர்த்தினார்கள். என் கருத்து, முதல் தடவை எடுக்கும்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள். அப்பா பெயரை வைக்கிறீர்களோ கணவர் பெயரை வைக்கிறீர்களோ, அது உங்கள் விருப்பம். கல்யாணம் ஆகிவிட்டது என்பதற்காகப் பெண் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எதை வைத்தாலும் கப்பல் டிக்கெட்டில், விசாவில், விமான டிக்கெட்டில் எழுத்துக்கு எழுத்து அதுவே வர வேண்டும். ஏஜெண்டிடம் வாயால் பெயர் சொல்லாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

வெளிநாட்டில் போய் ஏறும் கப்பல்களைப் பற்றிப் பேசும்போது இரண்டு இடங்கள் வரும், சிங்கப்பூரும் அமெரிக்காவும்.

சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போய் வரும் கப்பல்கள் நம்மவர்களிடம் பிரபலம். சென்னையில் இருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பல் ஐம்பது வருஷம் போலப் போய் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தே நின்றது. இப்போது சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் அங்கே கப்பல் ஏறுகிறோம். இங்கே கவனிக்க வேண்டியது விசா. சிங்கப்பூருக்குள் ஒரு தடவை விமானத்தில் நுழைகிறீர்கள், கப்பல் சுற்றி முடித்து மறுபடி நுழைகிறீர்கள். பல தடவை நுழையும் விசா இல்லையென்றால் இரண்டாவது நுழைவு கிடையாது, அதனால் கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள். எந்த நாட்டையும் தொடாமல் நடுக்கடலில் சுற்றித் திரும்பும் பயணத்துக்கும் அங்கே நமக்குப் பாஸ்போர்ட் வேண்டும். சென்னையில் அது உள்நாட்டுப் பயணம், சிங்கப்பூரில் நாம்தான் வெளிநாட்டார். மலேசியா 2023 டிசம்பரில் இருந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்திருக்கிறது. இந்த விலக்குகள் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடும் நாளில் ஒரு தடவை, கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை பாருங்கள்.

அமெரிக்கா விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். அங்கே மகன் வீட்டுக்குப் போன பெற்றோரை மயாமியில் இருந்து பஹாமாஸ் கப்பலுக்குக் கூட்டிப் போவது இப்போது சகஜம். அப்போது மகனின் ஆபீஸ் நண்பர்கள் யாராவது, "கப்பலுக்குப் பாஸ்போர்ட் எதற்கு, பிறப்புச் சான்றிதழ் போதுமே" என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. 2009 ஜூன் முதல் அமலில் உள்ள விதிப்படி, ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பலில், அமெரிக்கக் குடிமக்கள் பிறப்புச் சான்றிதழும் போட்டோ உள்ள அரசு அட்டையும் காட்டித் திரும்பலாம். அந்தச் சலுகை அமெரிக்கக் குடிமக்களுக்கு. அங்கே பிறந்த பேரனுக்குப் பொருந்தும், தாத்தா பாட்டிக்குப் பொருந்தாது. அவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும், திரும்ப நுழையச் செல்லும் விசாவும் கையில் இருக்க வேண்டும். மகனும் தன் நிலையைப் பார்க்க வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்ப் காலாவதி ஆகியிருந்தாலும், கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்த் திரும்ப ஒரு ஏற்பாடு உண்டு. பஹாமாஸ் போன்ற தீவுகளுக்கு எச்-1பி-க்கு அந்த ஏற்பாடு இல்லை. மூன்று நாள் கப்பல்தானே என்று ஏறிவிட்டு நுழைய முடியாமல் நின்றால் வேலையே போய்விடும். பேரனுக்கும் பிறப்புச் சான்றிதழோடு விடாமல் பாஸ்போர்ட் எடுத்துக்கொள்வதே நல்லது. கப்பலைத் தவறவிட்டாலோ நடுவழியில் உடம்புக்கு முடியாமல் இறங்கினாலோ விமானத்தில்தான் திரும்ப வேண்டும். விமானத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் செல்லாது.

கப்பலைத் தவறவிடுவதெல்லாம் நடக்கிற காரியமா? நடக்கிறது. 2024 மார்ச் கடைசியில் நார்வீஜியன் டான் என்ற கப்பல் ஆப்பிரிக்காவை ஒட்டிய சாவோ டோமே தீவில் நின்றது. எட்டுப் பேர் தனியாக வண்டி பிடித்துத் தீவைச் சுற்றப் போய், குறித்த நேரத்துக்குத் திரும்பவில்லை. கப்பல் இன்னும் நங்கூரத்தில்தான் நின்றது. அந்த ஊர்க் கடலோரக் காவல் படகே அவர்களைக் கப்பல் வரை கொண்டு போனது. ஏற்றவில்லை. ஆறு பேர் அமெரிக்கர்கள், இரண்டு பேர் ஆஸ்திரேலியர்கள். நேரத்துக்கு வராதவர்களின் பாஸ்போர்ட்டைத் துறைமுக ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம், அப்படியே செய்தோம் என்று கப்பல் நிறுவனம் சொன்னது. நாடு நாடாகத் தாண்டி அவர்கள் காம்பியாவுக்குப் போனார்கள், அலை இறக்கத்தால் கப்பல் அங்கே நிற்கவே இல்லை. கடைசியில் செனகலின் டக்கார் நகரில்தான் பிடிக்க முடிந்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்ததால்தான் அத்தனை எல்லை தாண்டியாவது போக முடிந்தது.

இந்தச் சம்பவத்தை வைத்துப் பயணம் போகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். துறைமுகத்தில் இறங்கும்போது பாஸ்போர்ட்டைக் கேபின் பெட்டகத்தில் பூட்டிவிட்டு நகலோடு போ என்பது ஒரு கட்சி. தொலைந்தால் பெரிய பாடு, திருடர் பயம் என்பார்கள். கையோடு வைத்துக்கொள் என்பது இன்னொரு கட்சி. சில பயணங்களில் இந்தக் கேள்வியே எழாது. துறைமுக அனுமதிக்காகக் கப்பல்காரர்களே ஏறும்போது வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்போது ரசீது வாங்குங்கள், முதல் பக்கத்தின் படமும் விசாவின் படமும் போனில் இருக்கட்டும், ஒன்றை வீட்டில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். நம்மிடமே விட்டுவிட்டால், நான் கையோடு என்ற கட்சி. வயதானவர்களோடு போகிறோம், மயக்கம் வரும், வண்டி பழுதாகும். கப்பல்காரர் தேடி எடுத்து ஏஜெண்டிடம் கொடுப்பார் என்று காத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 2012 ஜனவரியில் இத்தாலிக்குப் பக்கத்தில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தபோது, கேபினில் விட்டதை எடுக்கப் பலரால் முடியவில்லை. எங்கள் வீட்டில் லுங்கித் துணி மிச்சத்தில் இடுப்பில் கட்டுகிற மாதிரி தட்டையான பைகள் தைத்து வைத்திருக்கிறோம், சேலைக்குள் தெரியாது.

ஒவ்வொருவருடையது அவரவர் இடுப்பில். இதை அழுத்திச் சொல்கிறேன். நம் குடும்பங்களில் கிளம்பும்போதே எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி ஒரே பையில் போட்டு வீட்டுக்காரர் தோளில் மாட்டிக்கொள்வார். அந்தப் பை தொலைந்தால் மொத்தக் குடும்பமும் அந்நிய ஊரில் நிற்கும். அவர் ஒரு பக்கம் போய், பெண்கள் இன்னொரு பக்கம் கோயிலுக்குப் போனால், பெண்கள் கையில் தாங்கள் யார் என்று காட்ட ஒன்றும் இருக்காது. பாஸ்போர்ட் அரசின் சொத்து என்றுதான் சட்டமே சொல்கிறது. அதை முடக்கி வைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டுமே உண்டு, போலீஸ் கூட வைத்துக்கொண்டே இருக்க முடியாது என்று 2008-ல் சுரேஷ் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவருக்கும் டூர் மேனேஜருக்கும் மட்டும் எங்கிருந்து வந்தது அந்த அதிகாரம்?

தப்பித் தவறித் தொலைந்தாலும் கதறிக்கொண்டு நிற்க வேண்டாம். அந்த ஊர்க் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். இந்தியத் தூதரகத்துக்குப் போனால் ஊர் திரும்புவதற்கு மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் தருவார்கள். இலங்கையில் கொழும்பில் மட்டும் அல்ல, யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் கண்டியிலும் நம் நாட்டு அலுவலகங்கள் இருக்கின்றன. காங்கேசன்துறையில் இறங்கினவருக்கு யாழ்ப்பாணம் எட்டும் தூரம்தான். கேட்பதற்கும் சொல்வதற்கும் தமிழே போதும்.

கதிர்காமம் கேட்ட அந்த அம்மாயிக்கு விண்ணப்பம் போட்டோம். ஆதாரில் பிறந்த வருஷம் மட்டும் இருந்தது, தேதியும் மாதமும் இல்லை. பழைய எல்.ஐ.சி. பத்திரத்தில் முழுத் தேதி இருக்கிறது, ஆனால் அதில் வருஷம் வேறு. மூத்த மகன், "இதையெல்லாம் எதுக்கும்மா கெளறிக்கிட்டு" என்றார். சின்ன மருமகள்தான் விடவில்லை. ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போய்த் திருத்தத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். திருத்தி வந்ததும் சேலத்துக்குத் தேதி போட வேண்டும். அம்மாயியோடு தன் பெயரையும் சேர்த்து விண்ணப்பம் நிரப்பச் சொல்லியிருக்கிறாள். அவளிடமும் இதுவரை பாஸ்போர்ட் கிடையாது.